சீட் பெல்ட் சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் போதுமா?

கேள்வி: 2021 மாடல் ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். திண்டுக்கல்லில் மளிகைக் கடை. வீட்டிலிருந்து கடைக்கு நாலு கிலோமீட்டர்தான். ஊருக்குள் நாற்பதைத் தாண்டி ஓட்டுவதே இல்லை. ஆனால் பெல்ட் போடாவிட்டால் ‘டிங் டிங்’ என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்து சீட்டில் சரக்குப் பையை வைத்தாலும் அடிக்கிறது. சில நாள் பெல்ட் போட்டிருக்கும்போதே அடிக்கிறது. பெல்ட்டைப் பூட்டும் பக்கிளில் செருகிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று ஆக்ஸசரீஸ் கடையில் ஒரு கிளிப் காட்டினார்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன், சீட்டுக்கு அடியில் வயரைக் கழற்றிவிட்டாலே போதும் என்கிறார். என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. வயிற்றை அழுத்தும் என்று அவர் பெல்ட் போடுவதில்லை. செக்கப்புக்கு அழைத்துப் போகும்போது ஆஸ்பத்திரி வரும்வரை இதே சத்தம்தான். கிளிப், வயர் இரண்டில் எது நல்லது? வேறு வழி உண்டா?

பதில்:

வணக்கம். சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தைப் படித்தால் சத்தம் வரக் காரணம் நாலு இருக்கிறது. பை வைத்தால் வருகிறது, பெல்ட் போட்டும் வருகிறது, நீங்கள் பெல்ட் போடாததால் வருகிறது, உங்கள் மனைவி போடாததால் வருகிறது. காதுக்கு எல்லாம் ஒன்றுதான். செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் வேறு. நீங்கள் கடைசியாகச் சொன்னதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இது அடுத்த செக்கப்புக்குக் கிளம்பும் முன்பே சரியாக வேண்டும்.

பெல்ட் வயிற்றை அழுத்தும் என்ற பயம் நியாயமானதுதான். தப்பாகப் போட்டால் அழுத்தத்தான் செய்யும். பெல்ட்டில் இரண்டு பட்டை இருக்கிறது. மடியில் வரும் பட்டை வயிற்றின் மேல் போகக் கூடாது. வயிற்றுக்குக் கீழே, இரண்டு பக்க இடுப்பு எலும்புகளின் மேல், தொடை ஆரம்பிக்கிற இடத்தில் படிய வேண்டும். தோளிலிருந்து வரும் பட்டை இரண்டு மார்பகங்களுக்கு நடுவே இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் போய்ச் சேர வேண்டும். இப்படிப் போட்டால் அதிர்ச்சியை இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் தாங்கும். வயிற்றின் மேல் பட்டையே இருக்காது. உலகம் முழுவதும் மகப்பேறு மருத்துவர்கள் பிரசவ நாள் வரை போடச் சொல்வது இந்த முறையைத்தான்.

புடவை கட்டியிருந்தால் ஒரு சின்னச் சிக்கல் வரும். கொசுவம் திரண்டு நிற்பதால் மடிப்பட்டை மேலே ஏறிவிடும். உட்கார்ந்ததும் முதுகை சீட்டோடு ஒட்ட வைத்து, பட்டையைக் கொசுவத்துக்குக் கீழே இழுத்து இறக்கி, அப்புறம் பக்கிளில் மாட்டி, தோளில் வரும் பட்டையை மேல்நோக்கி ஒரு இழு இழுத்து லூஸை எடுத்துவிடச் சொல்லுங்கள். முதல் முறை கார் நிற்கும்போது நீங்களே பக்கத்தில் நின்று சரிபாருங்கள். முன் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிவிடுங்கள், டேஷ்போர்டுக்கும் வயிற்றுக்கும் இடைவெளி கிடைக்கும். மடிக்கும் தோளுக்கும் சேர்த்து வரும் மூன்று முனை பெல்ட் இருந்தால் பின் சீட்டும் நல்லதுதான். கழுத்தில் உராய்கிறது என்றால் கதவுத் தூணில் பெல்ட் தொடங்கும் இடத்தை ஏற்றி இறக்க முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் மாடலில் அந்த வசதி இல்லையென்றால், உட்காரும் நிலையைச் சற்று மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பட்டைக்கு அடியில் தலையணை, துண்டு எதையும் வைக்க வேண்டாம்.

பெல்ட் போடாமல் போகும்போது என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விபத்தில் தாய் பிழைத்தாலும் குழந்தை இறந்துபோவதற்கு முக்கியமான காரணம், அதிர்ச்சியில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடுவது. வயிறு நேராக டேஷ்போர்டில் மோதும்போது அந்த ஆபத்து பல மடங்கு கூடிவிடுகிறது. ஆகவே பெல்ட் குழந்தையை அழுத்துமோ என்று பயந்து அதைக் கழற்றுவது, குழந்தைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பைக் கழற்றுவதாகிவிடும். உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர் வாயால் கேட்டால் உங்கள் மனைவிக்கும் தைரியம் வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சின்ன இடி, லேசான உரசல் என்றாலும், அவருக்கு வலி எதுவும் இல்லை என்றாலும், அன்றே மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, இப்போது சரக்குப் பை.

பக்கத்து சீட்டின் மெத்தைக்குள் மெல்லிய ஒரு விரிப்பு மாதிரி சென்சார் இருக்கிறது. எடை விழுந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு மனிதன் யார், பருப்பு மூட்டை எது என்று தெரியாது. சில கார்களில் லேப்டாப் பை வைத்தாலே விழித்துக்கொள்ளும். இதற்கு வயர், கிளிப் எதுவும் வேண்டியதில்லை. பையைக் காலடியில் வையுங்கள், அல்லது டிக்கியில். கனமான பை என்றால் டிக்கிதான் சரி. பத்து கிலோ எண்ணெய் டின்னை சீட்டில் வைத்துக்கொண்டு சடன் பிரேக் அடித்தால் அது எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். தவிர்க்கவே முடியாத நாளில், அந்த சீட்டுக்கான பெல்ட்டை இழுத்துப் பையின் மேல் போட்டு மாட்டிவிடலாம். பையும் நகராது, சத்தமும் வராது. பையை எடுக்கும்போது பெல்ட்டையும் கையோடு எடுத்துவிடுங்கள். மாட்டிய பெல்ட்டின் மேல் அடுத்து ஏறுபவர் அப்படியே உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது.

பெல்ட் போட்டிருக்கும்போதே சத்தம் வருவது ரிப்பேர். சத்தத்தின் மேல் உங்களுக்கு இவ்வளவு கோபம் வரக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். சரியாக நடந்துகொள்ளும்போதும் திட்டு வாங்கினால் யாருக்கும் வெறுத்துப்போகும். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

பக்கிளுக்குள், பெல்ட்டின் நாக்கு போய்ப் பூட்டும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. நாக்கு முழுதாக இறங்கினால்தான் அது மாறும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பக்கிளைக் கழற்றும்போது உள்ளே இருந்து வருவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு ரூபாய்க் காசு, பிஸ்கட் தூள், முறுக்குத் துண்டு, காய்ந்துபோன பூ, கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலத்தின் காகிதம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் அதிகம். மளிகைச் சரக்கு ஏற்றுகிற காரில் அரிசியும் கடுகும் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. நாக்கு ‘கிளிக்’ என்று பூட்டியதுபோல் இருக்கும், ஆனால் சுவிட்ச் பாதியில் நிற்கும். மேடு பள்ளத்தில் இறங்கும்போது விட்டு விட்டுச் சத்தம் வரும்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். காரை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பெல்ட்டை மாட்டுங்கள். மீட்டரில் சிவப்பு பெல்ட் விளக்கு அணைய வேண்டும். இப்போது பக்கிளைப் பிடித்து லேசாக இப்படியும் அப்படியும் அசையுங்கள். விளக்கு மினுக்கினால் கோளாறு பக்கிளில், அல்லது அதன் வயரில். டார்ச் அடித்து உள்ளே பார்த்து, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீர்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் தூசியெல்லாம் அதில் ஒட்டிப் பூட்டே சரியாகப் பிடிக்காமல் போகும். சுத்தம் செய்தும் மினுக்கினால் பக்கிளை முழுதாக மாற்றிவிட வேண்டியதுதான். பிரித்துச் சரிசெய்து மாட்டும் பொருள் இல்லை அது. உயிர் தொங்கும் பூட்டு.

பக்கத்து சீட் காலியாக இருக்கும்போதும் சத்தம் வந்தால், சமீபத்தில் சீட் கவர் மாற்றினீர்களா, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா என்று யோசியுங்கள். கெட்டியான கவரை இறுக்கி இழுத்துக் கட்டினால் சென்சார் எப்போதும் அழுந்தியபடியே இருக்கும். கவர் மாட்டும்போது சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டர் லூஸாகிவிடுவதும் உண்டு. உருண்டு போன தண்ணீர் பாட்டிலோ குடையோ சீட்டை நகர்த்தும்போது வயரை இழுத்துவிடும். அடியில் குனிந்து பார்த்து, மாட்டியிருக்கும் குப்பையை எடுங்கள்; அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனெக்டரில் கை வைக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களில் வேக எச்சரிக்கையும் உண்டு. 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் அடிக்கும். திருச்சி சாலையில் போகும்போது பெல்ட் போட்டிருந்தும் சத்தம் வந்தால் அது இதுவாக இருக்கலாம். மீட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால் மீதி இருப்பது ஒன்றுதான்: நீங்கள் பெல்ட் போடாததால் வரும் சத்தம். இதை நிறுத்தும் வழியை நான் சொல்லப்போவதில்லை. கிளிப்பும் வேண்டாம், வயரும் வேண்டாம். வெறுமனே ‘கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் அந்தக் கடைக்குத்தான் போவீர்கள், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

பக்கிளில் உள்ள சுவிட்ச் வெறும் மணிக்கான சுவிட்ச் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல கார்களில் அந்தச் செய்தி போவது ஏர்பேக்கை இயக்கும் கம்ப்யூட்டருக்கு. அது கியர் லீவருக்கு அருகில், கன்சோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. மோதலின் வேகத்தை அளந்து, எதை வெடிக்கவைப்பது, எப்போது வெடிக்கவைப்பது என்று முடிவெடுப்பது அதுதான். பெல்ட் போட்டிருக்கிறாரா இல்லையா என்பதும் அந்தக் கணக்கில் வருகிறது. அமெரிக்காவில் ஓடும் கார்களில் இதற்குக் கணக்கே உண்டு. பெல்ட் போடாதவருக்கு, சுவரில் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்குச் சமமான அடியிலேயே முன் ஏர்பேக் விரியும். போட்டவருக்குச் சுமார் 26 கிலோமீட்டரில்தான் விரியும், அதற்குக் கீழே பெல்ட்டே தாங்கிக்கொள்ளும் என்பதால். இப்போது கிளிப்பைச் செருகிப் பாருங்கள். பெல்ட் போட்டிருக்கிறார் என்று கம்ப்யூட்டர் நம்புகிறது, அதற்கேற்ப ஏர்பேக்கை நிறுத்தி வைக்கிறது, சீட்டில் இருப்பவரையோ எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எந்த மாடலில் எவ்வளவு தூரம் இந்தக் கணக்கு இருக்கிறது என்பது மாறும். ஆனால் கிளிப் விற்கும் கடைக்காரர் அதைப் பார்த்து விற்பதில்லை, எல்லாக் காருக்கும் ஒரே கிளிப்பைத்தான் கொடுக்கிறார்.

‘பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக் விரியாது’ என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அப்படி இல்லை, விரியும். அதுதான் கவலை. மோதலிலிருந்து முழுதாக விரிந்து முடிக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான் எடுக்கும். மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் பாய்ந்து வரும் பை அது. பெல்ட் போட்டவரின் உடலைப் பட்டை பின்னால் பிடித்து வைத்திருக்கும், பை விரிந்து முடிந்தபிறகு முகம் மெத்தென்று அதில் போய் விழும். போடாதவர், பிரேக் அடித்த கணமே முன்னால் சரிந்து ஸ்டீயரிங்கை நெருங்கிவிடுவார். விரிந்துகொண்டிருக்கும் பை அவரைப் பாதி வழியில் சந்திக்கும். காப்பாற்ற வைத்த பொருளே கழுத்தை உடைத்த சம்பவங்கள் உண்டு. ஏர்பேக்கை வடிவமைத்தவர்கள் அதைப் பெல்ட்டுக்குத் துணையாகத்தான் வடிவமைத்தார்கள். தனியாக வேலை செய்யும் என்று ஒருபோதும் சொன்னதில்லை.

வயரைக் கழற்றுவது இதைவிட மோசம். சீட்டுக்கு அடியில் பார்த்தால் மஞ்சள் நிற உறை போட்ட வயரோ, மஞ்சள் கனெக்டரோ தெரியும். மஞ்சள் என்றால் ஏர்பேக் சர்க்யூட். பக்கிளிலோ பெல்ட் சுருளிலோ பெல்ட்டை ஒரு கணத்தில் இறுக்கிப் பிடிக்கும் பிரிடென்ஷனர் இருக்கும். அதில் சின்ன வெடிமருந்து உண்டு. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அதைக் கழற்றினால் கம்ப்யூட்டரில் ஃபால்ட் பதிவாகி, மீட்டரில் ஏர்பேக் விளக்கு நிரந்தரமாக எரியும். பல கார்களில் அந்த விளக்கு எரிந்தால் அவசரத்தில் ஏர்பேக் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்த வயரில் மல்டிமீட்டர் வைத்து ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்ப்பதே ஆபத்து, மல்டிமீட்டரின் சின்ன மின்சாரமே வெடிமருந்தைத் தூண்டிவிடக்கூடும். கம்பெனி டெக்னீஷியனே பேட்டரியைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் அதில் கை வைப்பார். உங்கள் எலக்ட்ரீஷியன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஹாரனும் ஹெட்லைட்டும் அவருக்கு அத்துப்படியாக இருக்கலாம். இந்த வயர் அந்த வகை இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கார் எங்களிடம் வந்தது. சீட் பெல்ட் விளக்கும் எரியாது, சத்தமும் வராது. வாங்கியவருக்கு அதில் சந்தோஷம்தான். ஏ.சி. வேலைக்காக வந்த காரில் சீட்டைக் கழற்றியபோது, கார்ப்பெட்டுக்கு அடியில் இரண்டு வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தது தெரிந்தது. இக்னிஷன் போட்டதும் சில நொடி எரிந்து அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு, அந்தக் காரில் எரியவே இல்லை. மீட்டருக்குப் பின்னால் அதையும் மறைத்திருந்தார்கள். முதல் ஆள் சத்தத்தை நிறுத்தினார், நடுவில் யாரோ விளக்கை மறைத்தார், மூன்றாவது ஆள் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். நீங்களும் ஒரு நாள் இந்தக் காரை விற்பீர்கள், இல்லையென்றால் உங்கள் தம்பியோ கடைப்பையனோ ஓட்டுவார்கள். அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

‘நாற்பதில்தானே போகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெல்ட் போடாத பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான், அதனால் கணக்காகவே சொல்கிறேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு நின்ற லாரியில் மோதினால், உங்கள் உடம்பு முன்னால் போகும் வேகம், இரண்டு மாடி உயரத்திலிருந்து, சரியாகச் சொன்னால் ஆறே கால் மீட்டர் உயரத்திலிருந்து, தரையில் விழும்போது இருக்கும் வேகம். முப்பதில் போனாலும் ஒரு மாடி உயரம். ஸ்டீயரிங்கைக் கையால் அழுத்திப் பிடித்துத் தாங்கிக்கொள்ளலாம் என்று ஓட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். மாடியிலிருந்து விழுகிறவர் கையை ஊன்றித் தப்புவதில்லை. அதோடு, ஊருக்குள் மோதுவது பெரும்பாலும் நம் வேகத்தால் மட்டும் நடப்பதில்லை. பைபாஸிலிருந்து இறங்கி வரும் லாரியின் வேகமும் அதில் சேரும்.

முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் போட்டால் உயிரிழக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, பெல்ட் அணியாமல் 2022-ல் இந்தியாவில் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,384 பேர் ஓட்டுநர்கள், மீதி 8,331 பேர் கூட வந்தவர்கள். ஏறக்குறைய சரிபாதி. ஓட்டுகிறவர் கிளிப் போட்டுச் சத்தத்தை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவரும் பெல்ட்டை மறக்கிறார் என்பதை நான் பல கார்களில் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வரும் எரிச்சல் புதிதில்லை. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில், பெல்ட் மாட்டாமல் என்ஜினே ஸ்டார்ட் ஆகாத ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். முன் சீட்டில் மளிகைப் பை வைத்தாலும் கார் கிளம்பாது, நாய் ஏறி உட்கார்ந்தாலும் கிளம்பாது. மக்கள் கொதித்துப் போனார்கள். அந்த வருடமே நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. பெல்ட் போடச் சொல்லி 8 நொடிக்கு மேல் சத்தம் எழுப்பும்படி அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அந்தத் தடை 2012-ல்தான் நீங்கியது. அந்தக் காலத்து ஏற்பாடு அவசரக்காரத்தனமானது, மக்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. இன்றைக்கு உங்கள் காரில் இருப்பது அதைவிட எவ்வளவோ பொறுமையானது. கார் கிளம்பும், ஓடும், ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி பெல்ட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். பின் சீட்டில் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவர்களும் போட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதிகளில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் நடந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோதுதான் நாடு முழுக்கப் பேச்சு வந்தது. பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள், அவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. முன் சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். அதன் பிறகு நீங்கள் கேட்கும் அதே கிளிப்பின் மேல் அரசு கண் வைத்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு எதிராக உத்தரவு போட்டது. மொத்தம் 13,118 கிளிப் விளம்பரங்கள் நீக்கப்பட்டன. பாட்டில் ஓப்பனர் என்றும் சிகரெட் லைட்டர் என்றும் பெயர் மாற்றி விற்றதும் அதில் உண்டு. கிளிப் போட்டிருந்தது தெரிந்தால், பயணியே கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கக்கூடும் என்றும் ஆணையம் எச்சரித்தது. கடைக்காரராக நீங்கள் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள், உங்கள் வருமானத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

லேப்டாப்பை மாட்டி சாஃப்ட்வேரில் நிறுத்தித் தருகிறோம் என்றும் யாராவது வருவார்கள். சில மாடல்களில் அது நடக்கவும் செய்யும். அதற்கும் என் பதில் இதுதான். வாரண்டி பாக்கி இருந்தால் அதற்கும் வேட்டு.

பெல்ட் போடுவது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. கழுத்தை அறுக்கிறதா? சீட்டின் உயரத்தையும் சாய்வையும் மாற்றுங்கள். ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு 25 சென்டிமீட்டர் இடைவெளியாவது விடுங்கள். இழுத்தால் முரடாக வருகிறதா, விட்டால் சுருண்டு போகாமல் தொங்குகிறதா? பட்டையில் அழுக்கு ஏறியிருக்கும். முழுதாக வெளியே இழுத்து, துணி காயப்போடும் கிளிப் ஒன்றால் பிடித்து வைத்துக்கொண்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டபிறகு சுருளவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், நூலை அரித்துவிடும். துடைத்தபின் எவ்வளவு லேசாக வருகிறது என்று பாருங்கள். பெல்ட்டின் மேலுள்ள பாதி வெறுப்பு அதில் போய்விடும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் அடிக்கடி இறங்கி ஏற வேண்டியிருப்பதுதான் தொந்தரவு என்றால், கதவைச் சாத்துவது, பெல்ட் மாட்டுவது, அப்புறம் சாவி என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கார் நகரும் முன்பே பெல்ட் மாட்டியிருந்தால் சத்தம் வர இடமே இல்லை.

பக்கிள் சந்தேகத்துக்கு சர்வீஸ் சென்டர் போகும்போது, ‘சத்தத்தை நிறுத்துங்கள்’ என்று சொல்லாதீர்கள். ‘பெல்ட் மாட்டியிருக்கும்போது விளக்கு மினுக்குகிறது, பக்கிள் சுவிட்சையும் சீட் சென்சாரையும் ஸ்கேனரில் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். ஜாப் கார்டில் அதே வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். பதிவாகியிருக்கும் கோளாறின் குறியீட்டையும் (ஃபால்ட் கோட்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், நீங்கள் கேட்காதது. இன்னும் இரண்டு மாதத்தில் வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் அந்த முதல் பயணத்தில் பாட்டியோ அம்மாவோ மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவதுதான் நம் வழக்கம். சீட் சென்சாருக்கு அது ஒரே ஆளாகத்தான் தெரியும், வைத்திருப்பவர் பெல்ட் போட்டிருந்தால் சத்தம்கூட வராது. நாற்பதில் போகிற கார் அரை மீட்டர் தூரத்தில் நின்றுபோனால், மூன்று கிலோ பச்சைக் குழந்தைகூடக் கையிலிருந்து 35 கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தத் தாயாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் வைத்துக் கட்டினால் தாயின் எடையே குழந்தையை நசுக்கிவிடும். பதினாலு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் அதே பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆகவே பிரசவத்துக்கு முன்பே, பச்சைக் குழந்தைக்கான, பின்னோக்கிப் பார்த்தபடி வைக்கும் இருக்கை ஒன்றை வாங்கிவிடுங்கள். பின் சீட்டின் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள், குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் என்ற கொக்கி இரும்பு தட்டுப்படலாம். அது இருந்தால் அதில் மாட்டும் வகையை வாங்குங்கள், இல்லாவிட்டால் பெல்ட்டால் கட்டும் வகையும் கிடைக்கிறது. ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் அந்த இருக்கையை வைக்கவே கூடாது, பின் சீட்டில்தான் வைக்க வேண்டும். வாங்கியதும் வெறும் இருக்கையை இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பழகிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு மேனுவல் படிக்க நேரம் இருக்காது. எந்த இருக்கை உங்கள் காருக்குப் பொருந்தும் என்று சந்தேகம் வந்தால், காரின் மாடலையும் வருடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.